ரொறன்ரோவில் ஹைட்ரேஞ்சியா கவ்வாத்து: எதை, எப்போது, எவ்வளவு வெட்டலாம்

வீடு வாங்கி முதல் பனி கரைந்ததும் முன்வளவில் ஒரு பற்றைத் தடிகள் நிற்கும். நுனியில் பழுப்பாகக் காய்ந்த பூக்கொத்து தொங்கும். பார்த்தால் செத்த செடி மாதிரியே இருக்கும். கையில் கத்தரி இருந்தால் தரையோடு வழித்துவிடத்தான் மனம் வரும். அது ஹைட்ரேஞ்சியாவாக இருந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இதை வாசியுங்கள்.

எனக்கு இதைச் சரியாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் "ஏப்ரலில் அரைவாசியாக வெட்டு, நல்லாப் பூக்கும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா "ஐயோ, கை வைக்காதேங்கோ" என்றார். விசாரித்துக்கொண்டே போனதில் தெரியவந்தது, இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் அவரவர் வளவில் நின்ற செடிக்குத்தான் சரி.

கீழே உள்ள மாதக் கணக்கு ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் பக்கத்துக்கானது. வன்கூவரிலோ இங்கிலாந்திலோ இருப்பவர்கள் வெட்டும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதங்கள் உங்களுக்குப் பொருந்தாது.

1. முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள்

ஹைட்ரேஞ்சியாவில் பல வகை. ஆனால் கவ்வாத்துக்கு இரண்டே கூட்டம். ஒரு கூட்டம் ஓகஸ்டில் இருந்து தன் தடிகளில் மொட்டு வைத்து, அந்த மொட்டோடு குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த கோடையில் பூக்கும். மற்றக் கூட்டம் குளிர்காலம் முடிந்தபின் புதிதாக வரும் தளிரின் நுனியில் பூக்கும். முதல் கூட்டத்தை ஒக்டோபரிலோ ஏப்ரலிலோ வெட்டினால் அந்த வருசப் பூவை வெட்டி எறிந்ததாக ஆகும். இரண்டாவது கூட்டத்தை ஏப்ரலில் வெட்டினால் நன்மைதான்.

செடியின் அடியில் பிளாஸ்ரிக் அட்டை ஏதும் புதைந்து கிடக்கிறதா என்று மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். அதில் ஹைட்ரேஞ்சியா என்ற சொல்லுக்கு அடுத்து வரும் லத்தீன் பெயர்தான் முக்கியம். மக்ரோஃபிலா, செராற்றா, குவெர்சிஃபோலியா என்று இருந்தால் பழைய தடியில் பூப்பவை. சுவரில் ஏறிப் படரும் ஹைட்ரேஞ்சியாவும் இந்தக் கூட்டம்தான். பனிகுலாற்றா, ஆர்போரெசென்ஸ் என்று இருந்தால் புதுத் தளிரில் பூப்பவை.

அட்டை இல்லாவிட்டால் இலையையும் பூவின் வடிவத்தையும் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். மக்ரோஃபிலாவில் வெள்ளையும் உண்டு, ஆர்போரெசென்ஸில் இளஞ்சிவப்பும் உண்டு.

மக்ரோஃபிலாவின் இலை தடிப்பு, பளபளப்பு, விரித்த உள்ளங்கை அளவு. பூ உருண்டையாக இருக்கும், அல்லது நடுவில் சிறு மணிகளும் சுற்றிவர இதழ்களுமாகத் தட்டையாக இருக்கும். உயரம் மூன்று, நான்கு அடி. நீலமும் இளஞ்சிவப்புமாகக் கடைகளில் கண்ணைப் பறிப்பது இதுதான். செராற்றா இதன் தம்பி. இலையும் பூவும் சிறிது.

ஆர்போரெசென்ஸின் இலை மெல்லியது, மினுக்கம் இல்லாதது, அடிப்பக்கம் இதய வடிவாக இருக்கும். தண்டும் மெலிவு. பெரிய வெள்ளை உருண்டைப் பூ மழை பெய்ததும் நிலத்தில் சாய்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் இதில் அனபெல் என்ற வகை.

பனிகுலாற்றாவைப் பிடிப்பது சுலபம். பூக்கொத்து ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்த மாதிரிக் கூம்பாக இருக்கும். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ தொடங்கி, செப்டெம்பரில் இளஞ்சிவப்பாக மாறும். இலை சிறிது, கொஞ்சம் சொரசொரப்பு. ஒரே கணுவில் மூன்று இலை நிற்பதையும் காணலாம். தடி மரம்போல் கடினமாக இருக்கும். லைம்லைற், லிற்றில் லைம், வனிலா ஃபிரேஸ், குயிக் ஃபயர் எல்லாம் இந்த வகை. ஒற்றைத் தண்டில் சிறு மரம்போல் வளர்த்து விற்பதும் இதைத்தான்.

குவெர்சிஃபோலியாவுக்கும் கூம்புப் பூதான். ஆனால் இலை ஓக் மர இலைபோல் வெட்டு வெட்டாக இருக்கும், இலையுதிர்காலத்தில் கருஞ்சிவப்பாகும். பூவை மட்டும் பார்த்து இதைப் பனிகுலாற்றா என்று எடுத்துவிடாதீர்கள்.

வீட்டை வாங்கியது குளிர்காலத்தில் என்றால் இலையும் இராது, பூவும் இராது. அதற்கு ஒரு வழி உண்டு. வீடு விற்பனைக்குப் போட்டபோது எடுத்த படங்களை உங்கள் முகவரிடம் கேளுங்கள். கோடையில் எடுத்திருந்தால் முன்வளவு பூவோடு தெரியும். கூகுள் ஸ்ட்ரீற் வியூவைக் கணினியில் திறந்தால் பழைய வருசப் படங்களையும் மாதத்தோடு பார்க்கலாம். யூலை, ஓகஸ்ட் படம் ஒன்று கிடைத்தால் போதும், கூம்பா உருண்டையா என்று தெரிந்துவிடும்.

இதிலும் தெரியாவிட்டால் அந்த வருசம் வெட்டாதீர்கள். ஒரு வருசம் வெட்டாமல் விட்டதால் ஹைட்ரேஞ்சியா சாகாது. பூத்ததும் படம் எடுத்து வையுங்கள்.

2. பேப்பர் வேலை: நிலம், ஒப்பந்தம், பற்றுச்சீட்டு

சொந்த வீடென்றால் பற்றைச்செடியை வெட்ட யாரிடமும் அனுமதி தேவையில்லை. ரவுன்ஹவுஸ் என்றால் கொஞ்சம் பொறுங்கள். கொண்டோ நிர்வாகத்தின் கீழ் வரும் ரவுன்ஹவுஸ்களில் முன்வளவு பொதுச் சொத்தாக இருக்கக்கூடும். வீடு வாங்கும்போது வந்த கொண்டோ ஆவணங்களில் அது இருக்கும். நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

புல் வெட்ட ஆள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக வாசிக்கவும். பருவகால ஒப்பந்தங்களில் "இலையுதிர்காலத் துப்பரவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த நாளில் நேரம் மிச்சம் பிடிக்க வருகிறவர்கள் எல்லாப் பற்றையையும் ஒரே உயரத்துக்கு மெஷினால் வழித்துவிட்டுப் போவது உண்டு. எங்கள் நீலப் பூச்செடிக்கு நடந்தது அதுதான்; அடுத்த கோடை முழுக்க இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போதே "ஹைட்ரேஞ்சியாக்களை வெட்டக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒக்டோபர் வந்ததும் செடியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு றிபனைக் கட்டிவிடுங்கள். வேலைக்கு வருகிறவர் ஒப்பந்தத்தைப் பார்த்திருக்க மாட்டார், றிபனைப் பார்ப்பார்.

புதிதாகச் செடி வாங்கினால் அட்டையையும் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பல நாற்றுக் கடைகள் பல்லாண்டுச் செடிகளுக்கு ஒரு வருச உத்தரவாதம் தருகின்றன, ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். வெப்பத்தாளில் அச்சடித்த சீட்டு ஒரு குளிர்காலத்துக்குள் மங்கிவிடும்.

அட்டையில் இருக்கும் குளிர்வலய எண்ணை (செடி எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று காட்டும் எண்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மக்ரோஃபிலாவின் அட்டையில் 5 என்று இருந்தால், அந்தக் குளிரில் வேர் பிழைக்கும் என்றுதான் கருத வேண்டும். தடியில் இருக்கும் பூமொட்டுக்கு அந்த உறுதி இல்லை. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

3. கருவியும் செலவும்

முக்கியமானது ஒரு கைக்கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தாண்டிப் போகும் வகையாக வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான பலகைமேல் வந்து இறங்கும் வகை, காய்ந்த தடிக்குச் சரி. பச்சைத் தண்டை நசுக்கிவிடும். இருபது, முப்பது டொலருக்கு நல்லது கிடைக்கும். அதைவிட விலை கூடியது நிறையச் செடி வைத்திருப்பவருக்கு.

பனிகுலாற்றா வயதான செடி என்றால் நீளப்பிடிக் கத்தரியும் தேவைப்படும். ஒரு நாளைக்குத்தான் வேலை என்பதால் பக்கத்து வீட்டில் இரவல் கேட்பதே என் யோசனை. வேலி வெட்டும் மின்கருவி எந்த ஹைட்ரேஞ்சியாவுக்கும் வேண்டாம்.

மருந்துக்கடையில் விற்கும் 70 வீத அற்ககோல் ஒரு போத்தல் வாங்கி, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது அலகைத் துடையுங்கள். கையுறையும் போடுங்கள், இலை சிலருக்குத் தோலில் கடியைத் தரும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் வெட்டிய கொப்புகளை அங்கேயே விடாதீர்கள். ஹைட்ரேஞ்சியா அவற்றுக்கு நஞ்சு.

வெட்டியதை எறிவதற்கும் முறை இருக்கிறது. ரொறன்ரோவில் தோட்டக் கழிவை மார்ச் நடுப்பகுதியில் இருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். பெரிய பழுப்புக் கடதாசிப் பையில் போடலாம், அல்லது நான்கு அடிக்கு மேற்படாத நீளத்தில் தடிகளைக் கட்டாகக் கட்டி வைக்கலாம். பிளாஸ்ரிக் பையில் போட்டால் எடுக்காமல் விட்டுப் போவார்கள். மற்ற நகரங்களில் நாட்கள் வேறு, உங்கள் நகரசபைக் கலண்டரைப் பாருங்கள். எல்லாம் சேர்த்து முதல் வருசச் செலவு ஐம்பது, அறுபது டொலருக்குள் முடியும்.

4. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை: பனிகுலாற்றாவும் ஆர்போரெசென்ஸும்

பனி கரைந்து, மொட்டு கொஞ்சம் வீங்கி, இலை விரியாமல் நிற்கும் நேரம்தான் சரியான நேரம். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் இருக்கும் காய்ந்த நாளாகப் பாருங்கள். ஒரு செடிக்கு அரை மணித்தியாலம் போதும்.

பனிகுலாற்றாவில் முதலில் செத்தது, முறிந்தது, ஒன்றையொன்று உரசிக்கொண்டு குறுக்கே போவது ஆகியவற்றை எடுங்கள். பிறகு பென்சிலை விட மெலிந்த குச்சிகளை அடியோடு எடுங்கள். அவை பூவின் பாரத்தைத் தாங்காது. மிச்சம் நிற்கும் தடிகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். எங்கே வெட்டினாலும் ஒரு சோடி மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டுங்கள். இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டிவிட்டால் மொட்டுவரை அந்தத் துண்டு காய்ந்துபோய் அசிங்கமாக நிற்கும்.

இதைத் தரையோடு வெட்டினாலும் பூக்கும், உண்மைதான். ஆனால் பூ குறைவாகவும் மிகப் பெரிதாகவும் வந்து, நீண்ட இளந்தண்டு அதைத் தாங்க முடியாமல் வளையும். கடினமான அடித்தடிகளை வருசா வருசம் வைத்திருப்பதுதான் செடிக்குப் பலம். மரம்போல் வளர்த்த செடியில் நடுத்தண்டைத் தொடவே வேண்டாம். மேலே இருக்கும் கொப்புகளை மட்டும் குறைத்து, அடித்தண்டிலும் வேரடியிலும் கிளம்பும் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள்.

ஆர்போரெசென்ஸைத் தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டுங்கள். முழுதாக வழிக்க வேண்டாம். அந்தக் கட்டைகள் புதுத் தண்டுக்கு முட்டுக் கொடுக்கும். மழையில் சாய்வது பாதியாவது குறையும். அனபெல் ஒவ்வொரு வருசமும் படுத்துக் கிடக்கிறது என்று அலுத்துப்போனவர்கள் இன்கிரெடிபோல் போன்ற தண்டு தடித்த வகையைத் தேடி வாங்கலாம்.

5. மே மாதம்: மக்ரோஃபிலாவும் அதன் கூட்டமும்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஏப்ரலில் மற்றச் செடிகளை வெட்டிய கையோடு இதையும் வெட்டி முடிப்போம் என்று தோன்றும். வேண்டாம். மக்ரோஃபிலாவின் தடி ஏப்ரல் முழுக்கச் செத்ததுபோல் பாசாங்கு செய்யும். மே நடுப்பகுதியில்தான் எது உயிர், எது இல்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடியையும் நுனியில் இருந்து கீழ்நோக்கிப் பாருங்கள். பச்சையாக விரியத் தொடங்கிய முதல் சோடி மொட்டு எங்கே இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். போன வருசக் காய்ந்த பூக்கொத்தும் அந்த வெட்டோடு போய்விடும். நுனி மொட்டே பச்சையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். காய்ந்த பூவை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விடுங்கள்.

மொட்டே இல்லாத தடியை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் போய்விட்டது. சந்தேகமானதை விக்ரோறியா நாள் நீண்ட வாரஇறுதி வரை விடுங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் அடியோடு எடுக்கலாம்.

மே மாதத்தில் இன்னொரு பொறி உண்டு. சில நாள் வெயில் அடித்து மொட்டு விரிந்தபின் ஒரு இரவு உறைபனி விழும். கனடா சுற்றுச்சூழல் துறையின் உறைபனி அறிவிப்பு வந்தால் மாலையிலேயே பழைய படுக்கைவிரிப்பு ஒன்றால் செடியை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக் தாள் வேண்டாம். அது இலையில் தொடுகிற இடமெல்லாம் கருகும். குளிர்காலம் முழுக்கத் தப்பிய மொட்டு ஒரே இரவில் போவதுதான் இந்த ஊரில் பூ வராததற்கு இன்னொரு காரணம்.

தடிகளின் அடி சாய்வாக, கத்தியால் அறுத்ததுபோல் வெட்டுப்பட்டு இருந்தால் ஆளைத் தேடாதீர்கள், அது முயல். கிழித்ததுபோல் பிய்ந்திருந்தால் மான். ரூஜ் பூங்காப் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டும் வரும். நவம்பரில் செடியைச் சுற்றிக் கம்பிவலை அடித்தால் முயலாவது தடுபடும்.

6. யூன், யூலை: பூத்த பிறகு

என்ட்லெஸ் சம்மர் போன்று திரும்பத் திரும்பப் பூக்கும் மக்ரோஃபிலாக்கள் பழைய தடியிலும் பூக்கும், புதுத் தளிரிலும் பூக்கும். வாடிய பூவுக்குக் கீழே உள்ள முதல் சோடி இலைக்கு மேலே வெட்டிவிட்டால் அடுத்த சுற்று வரும். குளிரில் மேல்மொட்டுகள் போனாலும் இந்த வகையில் பிந்தியாவது பூக் காணலாம். நீலமும் இளஞ்சிவப்பும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் வேறெதையும் வாங்க வேண்டாம்.

குவெர்சிஃபோலியாவையும் படரும் ஹைட்ரேஞ்சியாவையும் வடிவம் திருத்த வேண்டுமென்றால் பூ முடிந்தவுடன் செய்யுங்கள். இரண்டுக்குமே அதிகம் வெட்டத் தேவையில்லை. பாதையை மறிப்பதையும் யன்னலில் ஏறுவதையும் எடுத்தால் போதும்.

யூலை முடிவோடு இந்தக் கூட்டத்துக்குக் கத்தரியை நிறுத்திவிடுங்கள்.

7. ஓகஸ்டில் இருந்து: வெட்டாதீர்கள், மூடுங்கள்

ஓகஸ்ட் தொடங்கியபின் அடுத்த வருச மொட்டுகள் உருவாகிக்கொண்டிருக்கும். பூச்சாடிக்கு இரண்டொரு பூவைக் குட்டைத்தண்டோடு எடுப்பதில் பிழை இல்லை. நீளத் தண்டோடு கைநிறைய வெட்டினால் அவ்வளவும் அடுத்த வருசக் கணக்கில் கழியும்.

இலை கொட்டியதும் வளவைத் துப்பரவாக்க வேண்டும் என்று கை பரபரக்கும். காய்ந்த பூவை அப்படியே விடுங்கள். கீழே இருக்கும் மொட்டுக்கு அது கொஞ்சம் மறைவு.

பலர் மக்ரோஃபிலாவின் அடியில் மண்ணையோ மரத்தூளையோ குவித்துவிட்டு, மூடியாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். அது வேரைத்தான் காப்பாற்றும். பூமொட்டு இருப்பது தடியின் மேல்பகுதியில், அதனால் நுனிவரை மூட வேண்டும். நவம்பர் கடைசியில், சில உறைபனி விழுந்தபின், செடியைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கம்பிவலையோ சாக்குத்துணியோ சுற்றுங்கள். உள்ளே காய்ந்த இலைகளை நுனி மறையும்வரை நிரப்புங்கள். இலை உங்கள் வளவிலேயே கிடக்கும். செலவு கம்புக்கும் வலைக்கும்தான். ஏப்ரலில் ஒரேயடியாகத் திறக்காமல், இரண்டு மூன்று தடவையாக இலையை எடுங்கள்.

டிரைவ்வேயில் அள்ளும் உப்புப் பனியை இந்தச் செடிமேல் கொட்டாதீர்கள். தடியும் முறியும், மண்ணும் கெடும்.

பனிகுலாற்றாவுக்கும் ஆர்போரெசென்ஸுக்கும் இந்த மூடுகிற வேலை ஒன்றும் இல்லை. வேலைக்கும் பிள்ளைகளின் வகுப்புகளுக்கும் இடையில் ஓடுகிற வீட்டுக்கு நான் சொல்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான். செப்டெம்பர் விலைக்கழிவு விற்பனையில் மலிவாகக் கிடைக்கும். ஒக்டோபர் நடுப்பகுதிக்கு முன் நட்டுவிட்டால் வேர் பிடிக்க நேரம் இருக்கும்.

8. ஏற்கெனவே வெட்டியாயிற்றா?

பதற வேண்டாம். தரையோடு வழித்த மக்ரோஃபிலாவும் வேரில் இருந்து கிளம்பும். அந்த வருசம் இலைதான், அடுத்த வருசம் பார்க்கலாம். பூ வரட்டும் என்று உரத்தை அள்ளிப் போடாதீர்கள். புல்லுக்குப் போடும் நைதரசன் கூடிய உரம் இலையை இன்னும் கூட்டும், பூவைத் தராது.

கடைசியாக, அன்னையர் தினத்துக்குப் பிள்ளைகள் வாங்கித் தரும், மினுங்கல் தாள் சுற்றிய தொட்டிச் செடி. அதுவும் மக்ரோஃபிலாதான், ஆனால் கண்ணாடிக்கூடத்தில் வளர்ந்தது. நிலத்தில் நட்டால் ஒருவேளை பிழைக்கும், பூப்பது அரிது. பூ வாடியதும் முதல் சோடி இலைக்கு மேலே வெட்டி, கொஞ்சம் பெரிய தொட்டிக்கு மாற்றி, கோடை முழுக்கக் காலை வெயில் படும் இடத்தில் வெளியே வையுங்கள். ஓகஸ்டில் இருந்து வெட்ட வேண்டாம். இலை கொட்டியதும் சூடாக்காத கராஜுக்குள் கொண்டுபோய், மண் முற்றாகக் காயாத அளவுக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோ தண்ணீர் விடுங்கள். மே மாதத்தில் வெளியே எடுங்கள். உறைபனி அறிவிப்பு வரும் இரவில் மட்டும் திரும்ப உள்ளே.